டச் செத்துப்போகிறது, பாட்டு மட்டும் நிற்காமல் ஓடுகிறது: செட்டையே மாற்றத்தான் வேண்டுமா?

நாகமலைவாசி · மே 4, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். நாலு வருஷம் ஆன பெட்ரோல் ஹேட்ச்பேக் கார், 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்பெனியிலிருந்தே வந்த, 7 அங்குல டச் திரை வைத்த பாட்டு செட். மூன்று வாரமாக ஒரே தொல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே டச் செத்துவிடுகிறது. எங்கே தொட்டாலும் அசைவில்லை. ஆனால் பாட்டு மட்டும் பாடிக்கொண்டே இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வாடிப்பட்டியில் ஒரு துக்க வீட்டுக்குக் கிளம்பினோம். கொடைக்கானலிலிருந்து வரும் கோடை பண்பலை 100.5 ஓடிக்கொண்டிருந்தது. சமயநல்லூர் தாண்டியதும் திரை உறைந்துவிட்டது. சரி, போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்தத் தெருவுக்குள் திரும்பிய நேரம் பார்த்து ஒரு துள்ளல் பாட்டு. திரையைத் தடவு தடவு என்று தடவுகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. பந்தலில் இருந்தவர்கள் மொத்தமாகத் திரும்பிப் பார்த்தார்கள். சாவியைத் திருப்பி வண்டியையே அணைத்த பிறகுதான் நின்றது. மானமே போய்விட்டது.

சாவியை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போட்டாலும் அதே உறைந்த திரைதான் வருகிறது. மறுநாள் காலையில் எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல் வேலை செய்கிறது. சர்வீஸ் சென்டரில் பத்து நிமிடம் பார்த்தார்கள். "செட் போயிருச்சு சார், முழுசா மாத்தணும்" என்று 38,000 ரூபாய்க்கு மதிப்பீடு கொடுத்தார்கள். வாரன்டி முடிந்துவிட்டது. அவ்வளவு பணத்தைப் போடுவதற்கு முன்னால் வேறு ஏதாவது பார்க்க முடியுமா?

மேலூர்_மிளகாய் · மே 4, இரவு 10:05

முதல் வேலையாகப் பென்டிரைவைப் பிடுங்குங்கள். என் வண்டியில் நாலாயிரத்துச் சொச்சம் பாட்டு ஏற்றி வைத்திருந்தேன். வண்டியை எடுக்கும்போதெல்லாம் செட் அத்தனையையும் முதலிலிருந்து படித்து வரிசைப்படுத்தும். நடுவில் கெட்டுப்போன ஒரு கோப்பு இருந்தால் போதும், அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து முந்நூறு பாட்டோடு நிறுத்தினேன், அதோடு சரியானது.

போனில் இருப்பதைச் செட்டின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்குக் கேபிள் செருகியிருந்தால் அதையும் ஒரு வாரம் எடுத்து வைத்துவிட்டுப் பாருங்கள். பேருந்து நிலையத்தில் 50 ரூபாய்க்கு வாங்கும் கேபிளில் பாதி சார்ஜ் ஏற்ற மட்டும்தான் உதவும், தகவல் போகாது.

பட்டறை_அண்ணன் · மே 5, காலை 6:50

காளவாசல் பக்கம் இருபது வருஷமாக ஆட்டோ எலக்ட்ரீசியன் வேலை பார்க்கிறேன். செட்டை மாற்றச் சொல்வது சுலபம். அதற்கு முன்னால் சில விஷயம் தெரிய வேண்டும்.

சாவியை அணைத்தால் செட் அணைந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. செட்டுக்கு இரண்டு லைன் போகிறது. வழக்கமாக மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் லைன். சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும் வரும் லைன். சாவியை எடுத்ததும் சிவப்பு போய்விடும், மஞ்சள் இருக்கும். அதனால் பல செட்டுகள் சும்மா கண்ணை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். அடுத்த முறை சட்டென்று எழுந்திருப்பதற்காக இப்படி வைத்திருக்கிறார்கள். நீங்கள் போனின் திரையை அணைத்துவிட்டு "ரீஸ்டார்ட் செய்தேன்" என்று சொல்வது போலத்தான் இது. ராத்திரி முழுக்கச் சும்மா நின்றால் அதுவே முழுசாக அணைந்துவிடும். காலையில் நன்றாக இருப்பது அதனால்தான்.

இப்போது நாலு கேள்வி, தம்பி. உறைந்திருக்கும்போது ரிவர்ஸ் கியர் போட்டால் கேமரா படம் வருகிறதா? ஸ்டீரிங்கில் இருக்கும் சத்தப் பொத்தான் வேலை செய்கிறதா? பவர் பொத்தானை 15 நொடி விடாமல் அழுத்தினால் என்ன நடக்கிறது? வெளியில் ஏதாவது பொருத்தியிருக்கிறீர்களா?

நாகமலைவாசி · மே 5, இரவு 8:15

அண்ணே, இன்று சாயங்காலம் அரசரடி சிக்னலில் மறுபடியும் உறைந்தது. நீங்கள் கேட்டதை எல்லாம் பார்த்துவிட்டேன்.

ரிவர்ஸ் கேமரா தெளிவாக வருகிறது. ஸ்டீரிங் பொத்தானில் சத்தம் ஏறி இறங்குகிறது. அன்று துக்க வீட்டில் பதற்றத்தில் அது நினைவுக்கே வரவில்லை. பவர் பொத்தானைப் பிடித்துக்கொண்டே இருந்தேன், பன்னிரண்டு நொடி இருக்கும், கம்பெனி சின்னம் வந்து புதிதாக எழுந்தது, டச் சரியாகிவிட்டது. வெளியில் எதுவும் பொருத்தவில்லை, டேஷ்கேம்கூடக் கிடையாது. பென்டிரைவை நேற்றே எடுத்துவிட்டேன், அது இல்லாமல்தான் இன்று உறைந்தது.

பட்டறை_அண்ணன் · மே 5, இரவு 9:30

அப்படியென்றால் செட் போகவில்லை. கேமரா படம் வந்தால் திரையும், அதற்கு உள்ளிருந்து வெளிச்சம் தரும் பின்விளக்கும் நன்றாக இருக்கின்றன. ஸ்டீரிங் பொத்தானுக்குப் பதில் சொல்கிறது என்றால் மூளையும் முழித்திருக்கிறது. விரல் எங்கே படுகிறது என்று பார்த்து மூளைக்குச் சொல்லும் சின்ன சிப் ஒன்று இருக்கும், அது மட்டும்தான் மயங்கி விழுகிறது. ஏன் விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு வாரம் எப்போது வருகிறது, எங்கே வருகிறது என்று குறித்து வையுங்கள்.

டீசல்_பங்காளி · மே 5, இரவு 10:20

இதில் குறித்து வைக்க என்ன இருக்கிறது, வெயில்தான். மே மாதம், மதுரை. வெளியே நிழலிலேயே 40 டிகிரி அடிக்கும்போது மூடிய வண்டிக்குள் டேஷ்போர்டு 70-ஐத் தொடும். மாட்டுத்தாவணியில் காலையில் நிறுத்திவிட்டுச் சென்னை போய் வந்து பாருங்கள், ஸ்டீரிங்கைத் தொட முடியாது.

எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். தொடாமலேயே தொட்டது போல் எடுத்துக்கொண்டது. சூட்டில் டச் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் இருக்கும் பசை இளகி, ஓரத்தில் உப்பியிருந்தது. ஒரு நாள் கப்பலூர் டோல்கேட்டில் வரிசையில் நிற்கும்போது அதுவாகவே என் மாமனாருக்குப் போன் போட்டுவிட்டது. அவரைப் பற்றி மனைவியிடம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. நல்லவேளை, நல்ல விதமாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். டச் கண்ணாடியை மட்டும் மாற்றினார்கள், செட்டை மாற்றவில்லை. அதிலிருந்து வெயில் தடுப்பு அட்டை வைக்காமல் வண்டியைவிட்டு இறங்குவதில்லை.

உசிலை_பருத்தி · மே 6, காலை 7:10

எலியையும் மறந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் பருத்தி மூட்டைக்குப் பக்கத்தில்தான் வண்டி நிற்கும். ஒரு நாள் திரை இருட்டாக இருந்தது, சத்தம் மட்டும் வந்தது. இருட்டில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள் என்று உறவுக்காரப் பையன் சொன்னான். பார்த்தால் மங்கலாக எழுத்து தெரிகிறது. படம் வருகிறது, பின்விளக்குத்தான் எரியவில்லை. முகப்பு விளக்கு போட்டால் திரையின் வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லும் ஒயரை எலி பாதி கடித்து, பக்கத்து ஒயரோடு ஒட்டவைத்திருந்தது. புகையிலைப் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டோம். நாலு நாள் வரவில்லை, அப்புறம் பொட்டலத்தையே தின்றுவிட்டது.

தெப்பக்குளம்77 · மே 6, பகல் 1:25

நான் மென்பொருள் ஆள் என்பதால் என் சந்தேகம் மென்பொருள் மேல்தான். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. அங்குள்ள 94.9 பண்பலையைக் கேட்டுக்கொண்டிருந்த மாஸ்டா வண்டிகளில், 2014 முதல் 2017 வரை வந்த மாடல்களில், செட் அந்த நிலையத்திலேயே மாட்டிக்கொண்டது. வேறு நிலையத்துக்கு மாறாது, புளூடூத் வராது, திரும்பத் திரும்பத் தானே அணைந்து எழும். காரணம் என்ன தெரியுமா? அந்த நிலையம் டிஜிட்டல் ஒலிபரப்போடு சேர்த்து அனுப்பிய படக்கோப்பின் பெயரில், அது என்ன வகைப் படம் என்று சொல்லும் கடைசித் துண்டு விட்டுப்போயிருந்தது. அது என்னவென்று தெரியாமல் செட் திணறிவிட்டது. பலருக்கு அந்தக் கருவியையே மாற்ற வேண்டியதாயிற்று.

கோடை பண்பலை கேட்கும்போது உறைந்தது என்றதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

நாகமலைவாசி · மே 6, பகல் 2:00

ஐயையோ, அப்படியென்றால் கொடைக்கானல் மலையிலிருந்துதான் வினை வருகிறதா?

பட்டறை_அண்ணன் · மே 6, இரவு 9:15

கொடைக்கானலை விட்டுவிடுங்கள் தம்பி. அது பழைய அனலாக் ஒலிபரப்பு, அதில் படம் எதுவும் வருவதில்லை. அதனால் கெடுவதாக இருந்தால் பழனியிலிருந்து ராமநாதபுரம் வரை ஒரு செட் மிஞ்சியிருக்காது. குறிப்பை எழுதுங்கள்.

நாகமலைவாசி · மே 13, இரவு 8:50

ஒரு வாரக் கணக்கு இதோ. மொத்தம் ஐந்து முறை உறைந்தது. இரண்டு முறை மத்தியானம், ஒரு முறை காலை ஏழு மணிக்கு, இரண்டு முறை இரவு. ஆகவே வெயில் மட்டும் காரணமாக இருக்க முடியாது. பண்பலையிலும் வந்தது, போனிலிருந்து புளூடூத்தில் பாட்டுப் போட்டபோதும் வந்தது.

இன்னொன்று. இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். அம்மா வண்டியில் இருந்தால் வருவதே இல்லை. அழகர்கோவில் போய் வந்தோம், கண் ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போனோம், திருமங்கலத்துக்கு ஒரு முறை. ஒரு தடவைகூட உறையவில்லை. திரும்பி வரும்போது அம்மாவை வீட்டில் இறக்கிவிட்டு நான் மட்டும் கிளம்பினேன், பத்து நிமிடத்தில் டச் போய்விட்டது.

மேலூர்_மிளகாய் · மே 13, இரவு 9:05

அம்மாவை முன்சீட்டிலேயே நிரந்தரமாக உட்கார வைத்துவிடுங்கள். 38,000 மிச்சம்.

பட்டறை_அண்ணன் · மே 13, இரவு 9:40

சிரிக்க வேண்டாம், இந்த இழையில் வந்ததிலேயே உருப்படியான தகவல் இதுதான். தம்பி, அம்மா ஏறினால் வண்டியில் நீங்கள் எதை மாற்றுகிறீர்கள்? ஏ.சி.யைக் குறைப்பீர்களா? மெதுவாக ஓட்டுவீர்களா? பாட்டு?

நாகமலைவாசி · மே 13, இரவு 9:52

ஏ.சி. எப்போதும் போலத்தான். பாட்டு வைத்தாலும் மெதுவாகத்தான் வைப்பேன். அந்த டம் டம் சத்தம் அவருக்கு நெஞ்சை அடைக்கிறதாம்.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. போன தீபாவளிக்கு டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு வூஃபர், அதுதான் அந்த டம் டம் சத்தத்துக்கான ஸ்பீக்கர், வைத்தேன். சீட்டுக்கு அடியில் கண்ணில் படாமல் கிடப்பதால் மறந்தே போய்விட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே.

பட்டறை_அண்ணன் · மே 13, இரவு 10:10

நினைத்தேன். யாரைக் கேட்டாலும் முதலில் "ஒன்றும் பொருத்தவில்லை" என்றுதான் சொல்வார்கள்.

வூஃபருக்கு லைனும் எர்த்தும் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. முறையாகச் செய்தால் பேட்டரியிலிருந்து தனி ஒயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் தனி பியூஸ், எர்த்தை பாடியில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் போல்ட் போட்டு முறுக்க வேண்டும். ஆனால் வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்றால் சில கடைகளில் செட்டின் பின்னால் இருக்கும் மஞ்சளையும் கறுப்பையும் கீறி, அதிலேயே முறுக்கிவிடுவார்கள். அந்த ஒயர் செட்டுக்காக மட்டும் போட்டது. வூஃபர் அதிரும்போது 10 ஆம்பியர் இழுத்தால், முறுக்கிய இடத்தில் 0.15 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். ஒவ்வொரு டம்முக்கும் செட்டுக்கு ஒரு குலுக்கல். மூளை தாங்கிக்கொள்ளும், டச் சிப் தாங்காது.

தெப்பக்குளம்77 · மே 13, இரவு 10:30

பேட்டரியும் நாலு வருஷப் பேட்டரிதானே? அதை மாற்றினாலே சரியாகிவிடாதா? வோல்டேஜ் குறைவது அங்கிருந்துகூட இருக்கலாம்.

பட்டறை_அண்ணன் · மே 13, இரவு 10:45

இருக்கலாம், அளந்து பார்த்துவிட்டு மாற்றட்டும். 300 ரூபாய் மல்டிமீட்டர் இருந்தால் போதும், 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். ராத்திரி முழுக்க நின்ற பேட்டரி 12.4-லிருந்து 12.7-க்குள் இருக்க வேண்டும். 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் இல்லை. ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மேல் சந்தேகம். இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை வரலாம், கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை.

அடுத்ததுதான் முக்கியம், பலரும் செய்யாதது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸில் வையுங்கள், நீளமாக ஒரு ஒயர் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். இன்னொரு முனையை செட்டின் கறுப்பு ஒயரில் வையுங்கள். இரண்டும் எர்த்துதான், அதனால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு பாருங்கள். 0.1-க்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ எர்த் ஒழுங்காக இல்லை.

நாகமலைவாசி · மே 17, மாலை 6:30

அண்ணே, இன்று பக்கத்து வீட்டுத் தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

பேட்டரி காலையில் 12.5. ஸ்டார்ட் அடிக்கும்போது 10.4. ஓடும்போது 14.1. ஆகவே பேட்டரி குற்றவாளி இல்லை.

எர்த் சோதனை: பாட்டு இல்லாமல் 0.04. மெதுவாக வைத்தால் 0.1. நான் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் மீட்டர் 1.3, 0.7, 1.6 என்று துள்ளுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே டச் செத்தது. இத்தனை நாள் அது உறைந்தால் எரிச்சல் வரும், இன்று இரண்டு பேரும் கைதட்டினோம்.

பேனலைத் திறந்தோம். மஞ்சளும் கறுப்பும் நீங்கள் சொன்ன மாதிரியே கீறப்பட்டு, கையால் முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப். இந்த வெயிலில் டேப்பின் பசை உருகி, டேப் கழன்று ஒரு பக்கம் தொங்குகிறது. செம்பு கறுத்துப்போயிருக்கிறது. கூடவே இன்னொரு அதிர்ச்சி: செட்டுக்கான பியூஸ், பெட்டி மூடியில் 15 என்று போட்டிருக்கும் இடத்தில் வெள்ளை நிறத்தில் ஒன்று இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் 25.

பட்டறை_அண்ணன் · மே 17, இரவு 7:45

மீட்டர் 1.6 காட்டினால் உண்மையான துள்ளல் இன்னும் அதிகமாக இருக்கும். சாதா மீட்டர் நிதானமாகப் படிக்கும், ஒரு நொடிக்குள் வந்துபோவதை அது பிடிக்காது.

பியூஸ் விஷயம்தான் எனக்குக் கோபம். 15 என்றால் நீலம், அங்கே வெள்ளை 25 வைத்திருக்கிறார்கள். முதலில் 15 அடிக்கடி போயிருக்கும், ஏன் போகிறது என்று பார்க்காமல் பெரியதாகப் போட்டுவிட்டார்கள். பியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. 15-க்குப் போட்ட ஒயரில் 25 ஓடினால் பியூஸ் போவதற்கு முன்னால் ஒயர் உருகும். டச் செத்தது உங்கள் நல்ல நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டீர்கள். இன்றைக்கே வூஃபரின் ஒயரைக் கழற்றிவிட்டு நீல பியூஸைப் போடுங்கள். அப்புறம் ஒரு எலக்ட்ரீசியனிடம் தனி லைன் போட்டுக்கொள்ளுங்கள்.

நாகமலைவாசி · ஜூன் 2, இரவு 9:00

எல்லோருக்கும் நன்றி. சிம்மக்கல் பக்கம் ஒரு பெரியவரிடம் வேலை கொடுத்தேன். பேட்டரியிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரி அருகிலேயே பியூஸ், எர்த்தை சீட் போல்ட்டுக்கு அருகே பாடியில் கொடுத்தார். செட்டின் ஒயர்களில் இருந்த காயத்தைச் சுத்தம் செய்து, ஈயம் வைத்து, சுருங்கும் டியூப் போட்டு மூடிவிட்டார். செட்டிலிருந்து வூஃபருக்கு இப்போது பாட்டு ஒயரும், "எழுந்திரு" என்று சொல்லும் மெல்லிய நீல ஒயரும்தான் போகின்றன. கூலியோடு 1,400 ரூபாய். அதே எர்த் சோதனையில் அதே சத்தத்தில் இப்போது 0.05.

பதினாறு நாளாக ஒரு முறைகூட உறையவில்லை. சொல்லப்போனால் வூஃபர் இப்போதுதான் ஒழுங்காக அதிர்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை.

ஒரே ஒரு விஷயம். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டியதிலிருந்து டிரைவர் பக்கக் கண்ணாடி ஒரே தட்டில் முழுசாக ஏறுவதில்லை. அதுவும் கெட்டுவிட்டதா?

டீசல்_பங்காளி · ஜூன் 2, இரவு 9:20

கெடவில்லை, மறந்துவிட்டது. கண்ணாடியை முழுக்க இறக்கி, பொத்தானைப் பிடித்தபடியே முழுக்க ஏற்றி, மேலே போய் நின்ற பிறகும் நாலைந்து நொடி விடாமல் பிடியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் இதுதான் முறை. கடிகாரத்தையும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலூர்_மிளகாய் · ஜூன் 3, காலை 8:30

அண்ணே, இதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நானும் ஒரு வூஃபர் வைத்திருக்கிறேன், டச் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனாலும் பின்னால் எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க ஆசை. நானே பேனலைத் திறக்கலாமா?

பட்டறை_அண்ணன் · ஜூன் 3, இரவு 9:10

திறக்கலாம், அவசரப்படக் கூடாது. முதலில் பியூஸ் பெட்டியைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். மூடியில் போட்டிருக்கும் எண்ணும் பியூஸின் எண்ணும் ஒன்றாக இல்லையென்றால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

பேனலைக் கழற்றுவதாக இருந்தால் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியில் மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது மைனஸ் கடைசி. கழற்றிய பிறகு பத்து நிமிடம் காத்திருங்கள். உள்ளே மஞ்சள் உறை போட்ட ஒயரோ, ஒயரை இணைக்கும் மஞ்சள் கப்ளரோ தெரிந்தால் அதன் பக்கம் கையே போகக் கூடாது, அது ஏர்பேக் லைன். செட்டுக்கு வரும் ஒற்றை மஞ்சள் ஒயர் வேறு, இது வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் பேனலின் கொக்கி உடையும், பிளாஸ்டிக் நெம்புகோல் கடையில் கிடைக்கும். பார்த்ததை ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், நானும் பார்க்கிறேன். ராத்திரியில் போன் வெளிச்சத்தில் ஆரம்பிக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் செய்யுங்கள்.